வசவுக்கு மருந்தில்லை, மெயிலுக்குப் பூட்டு உண்டு: கூகுள் அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்

அரசியல் பத்தி எழுதுகிறேன். பெண், வயது முப்பதைத் தாண்டவில்லை. திட்ட வருகிறவர்களுக்கு இந்த இரண்டே போதும், கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை. வசவுக்கு மியூட் இருக்கிறது. என் தூக்கம் கெட்டது வேறொன்றால். கட்டுரை வந்த இரவில், ‘உங்கள் கணக்கை மீட்க முயல்கிறீர்களா?’ என்று போன் திரும்பத் திரும்பக் கேட்கும். முயல்வது நானில்லை. அந்த மெயிலில்தான் என்னை நம்பிப் பேசியவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

பத்திரிகையாளர்கள், செயல்பாட்டாளர்கள் என்று குறிவைக்கப்படுகிறவர்களுக்காகக் கூகுள் 2017இல் கொண்டுவந்த இலவசச் சேவைதான் அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன். கணக்கில் பிறர் நுழையாமல் கூடுதல் பூட்டுப் போடுகிறது. முன்பு செக்யூரிட்டி கீ, அதாவது நுழைவது நாம்தான் என்று காட்டும் சிறு கருவி, கட்டாயம். 2024 முதல் போனிலுள்ள பாஸ்கீ போதும்; கைரேகையோ திரைப்பூட்டோ கொண்டு திறக்கும் டிஜிட்டல் சாவி அது. நான் கீதான் வாங்கினேன், உபரியாக இன்னொன்றும். பென்டிரைவ் அளவுதான். புதிய கணினியில் நுழையும்போது செருகி, நடுவிலுள்ள உலோக வட்டத்தை விரலால் தொட வேண்டும்.

இதன் அருமை போலிப் பக்கத்தில் தெரியும். “உங்கள் கட்டுரைக்கு வலு சேர்க்கும் ஆவணம் அனுப்பியிருக்கிறேன்” என்று வாசகர் வேடத்தில் மெயில் வரும். லிங்க்கைத் தொட்டால் அசல் கூகுள் போலவே ஒரு உள்நுழைவுப் பக்கம். ஓடிபி என்றால் அவசரத்தில் நாமே தட்டிக் கொடுத்துவிடுவோம். கீ தளத்தின் முகவரியைப் பார்க்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அசையாது. நம் சிம்மை யாராவது ஏமாற்றி வாங்கினாலும் அதை வைத்து உள்ளே வர முடியாது.

தொல்லையும் உண்டு. ஜிமெயில், டிரைவை அணுகக் கேட்கும் வெளிச் செயலிகள் பலவற்றை உள்ளே விடாது. கீ தொலைந்து வேறு வழியும் இல்லையென்றால், கணக்கு திரும்பக் கிடைக்கச் சில நாட்கள் ஆகலாம். பத்தி அனுப்ப வேண்டிய நாளில் அப்படியானால்? இரண்டு கீயையும் ஒரே பையில் போடாதீர்கள். அப்புறம், கணினியில் வைரஸ் ஏறிவிட்டால், ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கை இந்தக் கீ காப்பாற்றாது.

மார்ஃபிங் படம், வீட்டு முகவரியைப் பரப்புவது, இதிலெல்லாம் இந்தச் சேவைக்கு வேலையே இல்லை. அதற்கு ஸ்கிரீன்ஷாட், தேதி, லிங்க் எல்லாம் சேர்த்து வைத்துப் புகார் கொடுக்கத்தான் வேண்டும். “இதையெல்லாம் பார்த்தால் எழுத முடியுமா?” என்கிறார் என் ஆசிரியர். தலையங்கத்தில் அவர் பெயரும் வராது, படமும் வராது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. சேவை இலவசம், கீக்குத்தான் காசு. அதைப் பத்திரிகை தரவில்லை. பத்திக்கு வந்த சன்மானத்தில் வாங்கினேன்.