பெங்குயின் எண்ண உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியவில்லை

பொதுமக்கள் அறிவியல் ஆய்வுகளுக்கு உதவும் ஸூனிவர்ஸ் இணையதளத்தில் உள்ள பெங்குயின் வாட்ச் பகுதியை ஒரு மாதமாகப் பயன்படுத்துகிறேன், ரொம்பவே பிடித்துவிட்டது. அண்டார்டிகாவில் நட்டுவைத்த கேமராக்கள் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக வரும், அதில் பெரிய பறவை, குஞ்சு, முட்டை எது எங்கே இருக்கிறது என்று தேடிக் குறி வைக்க வேண்டும், அவ்வளவுதான். காசு கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்காமலேயே செய்யலாம்.

சில படங்களில் ஒன்றுமே இருக்காது, லென்ஸ் முழுக்கப் பனி. அடுத்ததிலேயே ஒரு பெருங்கூட்டம் வந்து நிற்கும். குஞ்சு தாயின் வயிற்றுக்கடியில் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிடக்கும், அது கல்லா குஞ்சா என்று நான் முழித்துக்கொண்டிருப்பேன். சரி, தப்பானால் என்ன செய்வது? ஒரே படத்தைப் பலருக்குக் காட்டித்தான் முடிவெடுக்கிறார்கள், பயம் வேண்டாம்.

அப்போது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் டாம் ஹார்ட்டின் குழு 2014-ல் தொடங்கியது இது. எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதர்! அண்டார்டிகாவின் டேஞ்சர் தீவுகளில் அடேலி என்ற வகைப் பெங்குயின்கள் 7,51,527 ஜோடி இருப்பதைச் சொன்ன 2018 ஆய்வுக் கட்டுரையிலும் இவருக்குப் பங்கு உண்டு.

அப்புறம், போனில் முயல வேண்டாம், என் தடித்த விரலுக்குக் குறி பக்கத்துப் பறவைமேல் போய் விழுகிறது. லேப்டாப்தான் சரி.