அயனி விழுந்த குழியில் ஒரு குளம்: ஏழு ஆண்டுத் தார்ப்பாய் அனுபவம்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், புகுந்து போனபோது கிணற்றடியில் நின்ற, பலா இனத்து அயனி மரம் வேரோடு சாய்ந்தது. வாழை ஒன்றுகூட மிஞ்சவில்லை, ரப்பரில் பாதி போனது. அயனியை அறுத்து எடுத்த பிறகு அந்த இடத்தில் ஒரு பெருங்குழி கிடந்தது. அதை மூட ஆட்கள் கேட்ட கூலியைக் கேட்டதும் மூடாமலே விட்டுவிட்டோம். அடுத்த ஜூனில் தென்மேற்குப் பருவமழை அதை நிரப்பியது. சரளை கலந்த செம்மண்ணில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? பத்தாம் நாள் வற்றிவிட்டது. ஆனால் அந்தப் பத்து இரவும் தவளைகள் போட்ட சத்தம் என் தூக்கத்தைக் கெடுத்து, கையோடு ஒரு யோசனையையும் தந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையில் எங்கள் வீடு. ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் தவறாமல் எட்டிப் பார்க்கிற ஊர். ஒரு தார்ப்பாய் விரித்தால் போதுமே என்று நினைத்தேன். போதவில்லை.

முதலில் வாங்கியது கட்டடம் கட்டுகிற இடங்களில் காணும் நீலத் தார்ப்பாய். குழியை 12 அடி நீளம், 8 அடி அகலம், 2 அடி ஆழம் என்று வெட்டிச் சீராக்கினோம். தார்ப்பாய் அளவுக்குக் கணக்கு எளிது: நீளத்தோடு ஆழத்தை இருமுறை கூட்டி, கரையில் மடித்துப் புதைக்கப் பக்கத்துக்கு ஓர் அடி சேர்க்க வேண்டும். அகலத்துக்கும் அப்படியே. எனக்கு 18க்கு 14 வந்தது. அந்த நீலத் தார்ப்பாய் பதினான்கு மாதம் உழைத்தது. தண்ணீருக்குள் இருந்த பகுதி நன்றாகத்தான் இருந்தது. சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கியபோது வெயிலில் தெரிந்த ஓரம் அப்பளம் போல நொறுங்கியது. அடியில் மெத்தைக்காகப் போட்ட சணல் சாக்குகளைக் கறையான் தின்றுவிட, சரளைக்கல் நேராகத் தார்ப்பாயில் குத்தியது. மிச்சத்தைப் பெருச்சாளி பார்த்துக்கொண்டது.

2019 ஆகஸ்டில் பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் கறுப்பு ஹெச்.டி.பி.இ. என்ற பாலித்தீன் விரிப்புக்கு மாறினேன். 500 மைக்ரான் என்றால் அரை மில்லிமீட்டர். கையில் எடுத்தால் விறைப்பாக இருக்கும், மூலைகளில் மடிப்பது மல்லுக்கட்டுதான். இந்த முறை சாக்குக்குப் பதிலாகப் பழைய பிளக்ஸ் பேனர்கள். உறவினர் வீட்டுக் கல்யாண வாழ்த்துப் பேனர் இரண்டு இப்போது குளத்தின் அடியில் இருக்கின்றன, மணமக்கள் முகம் மண்ணைப் பார்த்தபடி. ஆறு ஆண்டாகக் கறையான் அவற்றைச் சீண்டவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு துண்டுகளைச் சூடாக்கி ஒட்டித்தான் என் அளவுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டே அந்த ஒட்டு ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்தது. 'பத்து வருடம் கவலையே வேண்டாம்' என்று விற்ற கடைக்காரர், குளத்தில் செடி வைத்ததால் உத்தரவாதம் செல்லாது என்று கைவிரித்துவிட்டார். குளத்தில் செடி வைக்காமல் வேறு எதை வைப்பதாம்? சைக்கிள் பஞ்சருக்குப் போடும் பசையை முயன்று பார்த்தேன். இந்த விரிப்பில் அது ஒட்டவே ஒட்டாது. பியூட்டில் ரப்பர் ஒட்டுநாடாதான் கடைசியில் கைகொடுத்தது. ஒட்டும் இடத்தை ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவைக்கும் பொறுமை இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

விரிப்பைவிட எனக்குப் பாடம் சொன்னது கரை. முதல் குளத்தை நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டியிருந்தேன். பார்வைக்கு அழகாக, கோயில் தெப்பக்குளத்தின் குட்டி போல இருந்தது. ஒரு மாதத்துக்குள் ஓர் அணில், இரண்டு மூஞ்சூறு. தண்ணீர் குடிக்க இறங்கி, வழுக்கும் தார்ப்பாயில் ஏற முடியாமல் செத்து மிதந்தன. அணிலை எடுத்துப் புதைத்த அன்றே ஒரு தென்னந்தடியைச் சாய்த்துப் போட்டேன். சாவு நின்றது. மறுமுறை விரித்தபோது கிழக்குப் பக்கம் நான்கு அடி தூரத்துக்கு மண்ணைச் சரித்து, விரிப்பின் மேல் ஆற்றுக் கூழாங்கல் பரப்பினேன். குளம் சிறுத்தது உண்மைதான். ஆனால் அந்தச் சரிவுக்குப் பிறகுதான் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். விரல் ஆழத் தண்ணீரில் தவிட்டுக்குருவிக் கூட்டம் சண்டை போட்டுக்கொண்டே குளிக்கும். மைனா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கணக்கு வைத்து வரும். செம்போத்து யாரும் இல்லை என்று உறுதியான பிறகே இறங்கும். ஒரு ஆடியில் கானாங்கோழி ஒன்று கன்னங்கரிய குஞ்சுகள் நான்கோடு அந்தக் கூழாங்கல்லில் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் குழம்பு கருகியது.

தவளைகளைப் பற்றி எழுதினால் நிறுத்தமாட்டேன். மரத்தவளை தண்ணீரில் முட்டையிடாது. தண்ணீருக்கு மேலே நீட்டி நிற்கும் இலையிலோ சுவரிலோ நுரைக்கூடு கட்டும். முதன்முதலில் சேம்பு இலையில் அதைப் பார்த்தபோது யாரோ சோப்பு நுரையை வழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, கழுவப் போனேன். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் குளத்தில் சொட்டும். அன்று முதல் கரையோரச் சேம்பை யாரும் வெட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். தட்டான்களும் அப்படியே வந்து சேர்ந்தன. தட்டான் புழு உரித்துவிட்டுப் போய், நாணல் குச்சியில் ஒட்டியிருக்கும் காலிக்கூடுகளைப் பிள்ளைகள் தீப்பெட்டியில் சேர்க்கிறார்கள். ஐப்பசி வாக்கில் முற்றத்துக்கு மேலே கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான்கள் வேறு வகை. அதே பருவத்தில் இவை மாலத்தீவிலும் பெருங்கூட்டமாக வந்து இறங்குகின்றன, அங்கிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு!

கொசுவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. என் மாமியாரும் முதல் வாரமே கேட்டார்: "மக்களே, இது குளமா, கொசுப் பண்ணையா?" கப்பி மீன் விட்டேன். கொசுப்புழு இருந்த இடம் தெரியவில்லை. டெங்கு பரவிய ஒரு ஆண்டில் சுகாதாரப் பணியாளர் வந்து டார்ச் அடித்துக் குளத்தைச் சலித்துப் பார்த்தார், ஒரு புழுவும் இல்லை. பிறகு பின்பக்கம் போய், பால்வெட்டை நிறுத்திய ரப்பர் மரங்களில், பால் பிடிக்கக் கட்டி நாங்கள் கவிழ்க்காமல் விட்டிருந்த சிரட்டைகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் புழு. டெங்குக் கொசுவுக்கு அந்தச் சிரட்டைத் தண்ணீர்தான் பிடித்தமானது. அன்று மாலை மாமியாரும் நானும் சிரட்டை கவிழ்த்ததே வேலை.

கப்பியிலும் ஒரு வருத்தம் உண்டு. அது வெளிநாட்டு மீன், பெருகுவதற்குக் கணக்கே இல்லை, சின்னத் தலைப்பிரட்டையையும் விடாது. இப்போது குளத்தில் இருப்பவை வாய்க்காலில் பிடித்துவந்த, தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறு மீன்கள். கப்பி வைத்திருப்பவர்கள் மிஞ்சியதை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

பூவுக்கு வருகிறேன். உண்மையில் நான் ஆசைப்பட்டது தாமரைக்கு. தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் தாமரையெல்லாம் நம் மாவட்டக் குளங்களில்தானே பூக்கிறது, என் குளத்தில் பூக்காதா என்ற நினைப்பு. பூத்தது, இரண்டு ஆண்டு. பிறகு சிமெண்டுத் தொட்டியைத் தாண்டிக் கிழங்கு ஓடி, இலை முழுக் குளத்தையும் மூடிவிட்டது. இந்த அளவுக் குளத்துக்குத் தாமரை வேண்டாம் என்பது என் தீர்ப்பு. அல்லி போதும். கரம்பை மண் நிரப்பிய பேசினில் நட்ட வெள்ளை அல்லி இரவில் விரிந்து, காலைக் காப்பி முடிந்து சற்று நேரம்வரை விரிந்திருக்கும். நீல ஆம்பல் பகலில் பூக்கும். ஒன்று மூடும்போது மற்றது திறக்கும். அக்கம்பக்கத்து ஐந்து வீட்டுத் தொட்டிகளில் இப்போது என் அல்லிக் கிழங்கு இருக்கிறது, பதிலுக்கு வந்த பிச்சிப் பதியன் என் கிணற்றடியில் மணக்கிறது. ஒரு மைனி அன்போடு தந்த ஆகாயத்தாமரையை மட்டும் வாங்கியிருக்கக் கூடாது. ஒரே மழைக்காலத்தில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாமல் போனது, அதை வாரி எடுக்கவே இரண்டு நாள் ஆனது.

பராமரிப்பில் கடினமான காலம் மார்கழி, தை. ரப்பர் இலை உதிர்ந்து குளத்தில் விழுந்து ஊறினால் தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்துக்கு மாறி நாறும். ஒருமுறை குளச்சலில் இருந்து வாங்கிய பழைய மீன்வலையை மேலே விரித்தேன். மூன்றாம் நாள் அதில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிக்கொண்டது. வலையைக் கத்தரித்து அதை விடுவிக்க அரை நாள் போனது, அது ஒருபுறம் என்றால் மாமியாரின் வசவு மறுபுறம். அகலக் கண்ணி உள்ள வலையைக் குளத்தின்மேல் போடாதீர்கள். நெருக்கமாக நெய்த பச்சை நிழல்வலையை முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டினால் இலையும் விழாது, எதுவும் சிக்காது. தண்ணீர்ப்பாம்பு மட்டும் அவ்வப்போது வரும். விஷம் இல்லாதது, மீன் தின்றுவிட்டுப் போய்விடும். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தியைப் படித்த என் மகன், "நம்ம குளத்துக்கும் விண்ணப்பிக்கலாமா அம்மா?" என்று கேட்டான். ஏறக்குறைய 3500 லிட்டர்! விரிப்பின் வடக்கு ஓரம் இப்போது முன்னைவிட விறைக்கத் தொடங்கியிருக்கிறது, கல் மூடாமல் வெயில் பட்ட பகுதி அது. வரும் வைகாசியில் தண்ணீரை இறைத்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் புது விரிப்பு போட வேண்டும். அதுவரை தவளைகளையும் மீன்களையும் எங்கே வைப்பது என்றுதான் யோசனை. மாமியார் தன் கல்யாணச் சீர் அண்டாவைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தவளைக்கும் மீனுக்கும் மட்டும், பாம்புக்கு இல்லை என்ற நிபந்தனையோடு.