கோல்ஃப் சிமுலேட்டர் அறைச் சுவருக்கு எது காப்பு: ஃபோமா, திரையா, வலையா?

எதிரே திரையில் விழும் மைதானப் படத்தைப் பார்த்து, வீட்டுக்குள்ளேயே நிஜப் பந்தை அடித்து ஆடும் அறைதான் கோல்ஃப் சிமுலேட்டர். அதைப் பற்றிய அமெரிக்க வீடியோக்களில் பெரிய கவலை, திரையைத் தவறவிட்ட பந்து பக்கச் சுவரில் ஓட்டை போட்டுவிடுமே என்பதுதான். அங்கே பெரும்பாலும் ஜிப்சம் பலகைச் சுவர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 9 அங்குலச் செங்கல் சுவரில் பந்து பட்டால் பெயின்டில் வட்டத் தழும்பு விழும், மிஞ்சிப்போனால் பூச்சு கொஞ்சம் பெயரும். "சுவத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்பார் மேஸ்திரி. உண்மைதான், சுவருக்கு ஆகாது. எதிரே நிற்கிறவருக்குத்தான் ஆகும்.

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. சுமாராக ஆடுபவர் டிரைவர் என்ற நீள மட்டையால் அடித்தாலும் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும். செங்கல் சுவர் அந்த வேகத்தில் பெரும்பகுதியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நமக்கு இன்னொரு தொல்லை ஓதம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறாத சுவர் டெல்டாவில் குறைவு. எந்தக் காப்பாக இருந்தாலும் பந்தின் வேகத்தைத் தின்ன வேண்டும், சுவரைக் காயவும் விட வேண்டும்.

பார்க்க லட்சணமாக இருப்பது ஃபோம் பேனல். ஆனால் பசை தடவி நேரே சுவரில் ஒட்டினால் இங்கே தாங்காது. ஈரம் வெளியேற வழியில்லாமல் பின்னால் வெள்ளையாக உப்புப் பூக்கும். பேனலைப் பிய்த்தால் பூச்சும் மாவாக உதிர்ந்து கூடவே வரும். ஸ்டுடியோக்களில் ஒட்டுகிற முக்கோண முள் ஃபோம் எதிரொலிக்கு மட்டும்தான்; பந்து அதை அமுக்கிக்கொண்டு நேரே சுவரில் போய் மோதும். கெட்டியான 2 அங்குல ஃபோம், அதுவும் அலுமினியச் சட்டத்தில் மாட்டி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினால் ஒப்புக்கொள்ளலாம். மர ரீப்பர் அடித்தால் கறையானுக்கு விருந்து. அறை குறுகலாக இருந்து, வலையோ திரையோ தொங்கவிட இடமே இல்லாதவர்களுக்கு ஃபோம்தான் கதி.

கனமான வெல்வெட் திரை வேறு மாதிரி வேலை செய்கிறது. பந்து பட்டதும் துணி பின்வாங்குகிறது. வேகம் அதிலேயே தீர்ந்து பந்து காலடியில் விழுகிறது. சுவரை ஒட்டித் தொங்கினால் இந்த வித்தை நடக்காது, ஒரு அடியாவது இடைவெளி வேண்டும். கறுப்புத் துணி என்றால் புரொஜெக்டர் படமும் பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பியடித்துப் படத்தை வெளிறச் செய்துவிடும். குறை, மழைக்காலம். பருத்தி கலந்த துணி என்றால் மார்கழிக்குள் பூஞ்சை வாடை அடிக்கும். முழு பாலியஸ்டர் பார்த்து வாங்கி, வெயில் அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து ஓரமாக ஒதுக்கிவிட்டால் சமாளிக்கலாம்.

என் ஓட்டு வலைக்கு. காற்று ஊடே போகும், சுவர் காயும், செலவும் குறைவு. கவனிக்க வேண்டியது கண்ணி அளவு. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், 2 அங்குலக் கண்ணியுள்ள கிரிக்கெட் வலையில் அது நுழைந்து மறுபக்கம் போய்விடும். 1 அங்குலமோ அதற்குக் கீழோ வேண்டும். நாகப்பட்டினத்தில் கிடைக்காத வலையா என்று கேட்பார்கள். கண்ணாடி போல மின்னும் ஒற்றை இழை நைலான் வலை மீனுக்குச் சரி, இதற்கு வேண்டாம். தடித்த முறுக்கு நூலில், சின்னக் கண்ணியில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், புதிதாக மட்டும். கடலுக்குப் போய் வந்த வலையை வீட்டுக்குள் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விறைப்பாகக் கட்டாமல் தொளதொளவென்று விட்டு, அடிப்பக்கம் அரை அடி தரையில் புரளட்டும். வலை வெளிச்சத்தை மறைக்காது, ஆகவே அதன் பின்னால் இருக்கும் சுவருக்கு மேட் கறுப்போ கரும்பச்சையோ அடித்துவிடுங்கள்.

தார்ப்பாய் யோசனை டெல்டாவில் யாருக்கும் வரும், நெல் மூடியது வீட்டிலேயே கிடக்கும். பந்து பட்டால் பறை அடித்த சத்தம், தெருவே எழுந்துவிடும். சாக்குத் துணி கட்டினால் எலி வரும்.

இரண்டு பக்கச் சுவரையும் ஒரே நேரத்தில் மூட முடியாவிட்டால், வலதுகை ஆட்டக்காரர் வலப்பக்கச் சுவரை முதலில் மூடட்டும். மட்டையின் கழுத்தில் பட்டு எகிறும் ஷாங்க் அந்தப் பக்கம்தான் பாயும். டீக்கு, அதாவது பந்தை வைத்து அடிக்கும் இடத்துக்கு, நேரே தொடங்கிப் படம் விழும் திரைவரை மூடினால் போதும், முதுகுக்குப் பின்னால் தேவையில்லை. சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, முதுகுப்பக்கச் சுவரில் வால் ஃபேன் மாட்டுங்கள். திரை கட்டிய ஜிஐ பைப் வெறுமனே தெரிந்தால் அதில் பட்ட பந்து எந்தச் சுவரையும்விட மோசமாகத் திரும்பி வரும். ஏசி பைப்புக்கு மாட்டுகிற கறுப்பு ஃபோம் உறையைக் கீறி அதில் சுற்றிக் கட்டிவிடலாம்.