ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா? 24 மணி நேரம் தனியாக ஓட்ட எது தாங்கும்

ஏற்காடு என்றதும் சேலத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 20 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் இங்கே மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வெயிட் கம்மியா ஹார்ட்டெயில் எடு." முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்பக்கம் வெறும் ஃபிரேம். நானும் அதைத்தான் இரண்டு வருடம் ஓட்டினேன். ஒரே தடத்தை 24 மணி நேரத்தில் யார் அதிகம் சுற்றுகிறார் என்று பார்க்கும் பந்தயத்தில் தனி ஆளாக இறங்குவது என்று முடிவான பிறகு, பின்பக்கமும் ஷாக் உள்ள நண்பரின் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளை இரவல் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் எடைக் கணக்கு. நண்பருடையது 2 கிலோ கூடுதல். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நான், என் சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ. அதில் 2 கிலோ என்பது 40-இல் ஒரு பங்கு. செங்குத்தான ஏற்றத்தில் உழைப்பு பெரும்பாலும் எடையைத் தூக்கவே போகிறது. ஆகவே 100 நிமிடம் பிடிக்கும் ஏற்றத்தில் இரண்டரை நிமிடம் கூடும், அவ்வளவுதான். மிதிக்கும்போது பின் ஷாக் அமுங்கி அமுங்கி எழுவது எரிச்சல்தான். ஆனால் ஷாக்கை அமுங்காமல் பூட்டும் லாக்அவுட் லீவரைத் தட்டிவிட்டால் அதுவும் அடங்கிவிடும்.

தார் ரோட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. எஸ்டேட்காரரிடம் அனுமதி வாங்கி, ஒரு மாத இடைவெளியில் இரண்டு இரவுகள் ஒரே தடத்தைச் சுற்றினேன். (இந்த மலையில் காட்டெருமை உண்டு. துணைக்கு ஆள் இல்லாமல் இரவில் போகவே கூடாது.) சில்வர் ஓக் வேர்கள், உருட்டுக் கற்கள், மழைநீர் அரித்த வாய்க்கால்கள். நள்ளிரவு வரை ஹார்ட்டெயில்தான் வேகம். அதில் வேர் வரும்போதெல்லாம் சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலை மடக்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். தெம்பு இருக்கும்வரை அது சுகம்கூட. மூன்று மணிக்கு மேல் தொடை எழ மறுத்தது. உட்கார்ந்தபடியே ஏறினேன், ஒவ்வொரு வேரும் இடுப்பில் இறங்கியது. கூட வந்த தம்பி, "அண்ணா, எறங்கி முதுகை நிமித்துங்க, மூஞ்சியே சரியில்ல" என்றான். இறங்கிய பிறகு மறுபடி ஏற அரை மணி நேரம் ஆயிற்று. எடையில் மிச்சம் பிடித்த நிமிடங்கள் அத்தனையும் அங்கேயே போயின.

ஃபுல் சஸ்பென்ஷனில் அதே நேரத்தில் அதே வேர்களை உட்கார்ந்தபடியே மிதித்துக் கடந்தேன். ஈரமான ஏற்றத்திலும் பின் டயர் துள்ளாமல் தரையைப் பிடித்தது. கைவலிக்கு மட்டும் அது மருந்தில்லை. முன்பக்க சஸ்பென்ஷன் ஃபோர்க் இரண்டு சைக்கிளிலும் ஒரே மாதிரிதான். உள்ளங்கை அடிப்பகுதியில் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் இரண்டு இரவுமே மரத்துப் போயின. அதற்கு ஹேண்டில்பாரை உயர்த்துவதும், பிடியை அடிக்கடி மாற்றுவதும்தான் வழி.

நால்வர் அணியாகப் போகிறவர்களுக்கு நான் ஹார்ட்டெயிலையே சொல்வேன். ஒருவர் ஓட மூவர் ஓய்வெடுப்பதால் ஆளுக்கு ஆறு மணி நேரம்தான் வரும். இந்தப் பந்தயங்கள் முதலில் அணிகளுக்காகவே நடந்தன. 1996-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த கனேன் பந்தயத்தில், ஜான் ஸ்டாம்ஸ்டாட் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி, நால்வர் அணி என்று பதிந்து, தான் ஒருவராகவே ஓட்டினார். தனி ஓட்டத்துக்கு வழி திறந்தவர் அவர். நால்வருக்குப் பிரிய வேண்டிய அடி முழுவதும் ஒரே முதுகில் விழும் என்பதுதான் இதில் உள்ள வேறுபாடு, சைக்கிளையும் அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பராமரிப்பில் ஹார்ட்டெயில் எங்கேயோ முன்னால் நிற்கிறது. ஐப்பசி மழையில் செம்மண் அப்பிக்கொண்டால் குழாயடியில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். மற்றதில் பின்பக்க மூட்டுகளின் பேரிங்குகளையும் ஷாக்கின் சீல்களையும் கவனிக்க வேண்டும். நண்பர் அந்த ஷாக்கைச் சர்வீஸுக்குப் பெங்களூருக்கு அனுப்பி வாங்கினார்.

அப்படியிருந்தும் தனி ஓட்டத்துக்கு என் தேர்வு ஃபுல் சஸ்பென்ஷன்தான். 100 அல்லது 120 மில்லிமீட்டர் அமுங்கும் வகை போதும். கையில் ஹார்ட்டெயில் மட்டும் இருப்பவர்கள் அதற்காகப் பந்தயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 2.4 அங்குல டியூப்லெஸ் டயர் மாட்டி, காற்றைக் குறையுங்கள். என் 66 கிலோவுக்கு 20 பிஎஸ்ஐ சரியாக இருந்தது. ரிம் கல்லில் இடித்தால் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.