1050 டிஐ என்று சொல்லி நீல போர்ட் உள்ள கார்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள்

வீட்டுக்குப் புது கம்ப்யூட்டர் போடுகிறவர்கள், அதுவும் குறைந்த விலையில் கிராபிக்ஸ் கார்டு தேடுகிறவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்விடியா சிப் போட்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, புத்தம்புதுசு என்று சொல்லி 6,200 ரூபாய்க்கு ஒரு கார்டை என்னிடம் விற்றார்கள். அது உண்மையில் 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450 என்ற பழைய மாடல். நினைக்க நினைக்க இன்னும் வயிறு எரிகிறது.

என் மகள் இந்த ஜூன் மாதம் விஸ்காம் சேர்ந்தாள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடல் செய்யப் பழக வேண்டும், வீடியோ எடிட்டிங் செய்ய வேண்டும், வீட்டில் ஒரு நல்ல சிஸ்டம் இருந்தால் நல்லது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ரைசன் 5 5600 பிராசஸர், 16 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) எல்லாம் ஒரு கடையில் முறையாக பில் போட்டு வாங்கியாயிற்று. அதில் ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியாது. 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு மாட்டாமல் மானிட்டரில் ஒன்றுமே வராது. 5600ஜி என்று 'ஜி' சேர்ந்து வருவதில்தான் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும். அதை வாங்கியிருந்தால் கார்டை நிதானமாக ஆறு மாதம் கழித்துக்கூடப் பார்த்திருக்கலாம். என்னிடம் இருந்ததோ ஏழாயிரம் ரூபாய், கல்லூரி திறக்க நான்கு நாள். இந்த அவசரம்தான் எல்லாவற்றுக்கும் வழி விட்டது.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் ஏறிய இரண்டு கடைக்காரர்களும் நேர்மையாகவே பேசினார்கள். "ஏழாயிரத்துக்குப் புதுசு நல்லதா வராது சார். செகண்ட் ஹேண்ட் பாருங்க, இல்லன்னா இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கிட்டு வாங்க" என்றார்கள். நான் கேட்கவில்லை. மூன்றாவது, மாடியில் ஒரு சின்னக் கடை. கவுன்டரில் இருந்தவர், பழைய ஸ்டாக் கிளியரன்ஸ், பெட்டி பிரிக்காத கார்டு என்று எடுத்து வைத்தார். பெட்டியில் ஜிஃபோர்ஸ் என்று என்விடியா சிப்பின் பிராண்டு பெயர் பச்சை எழுத்தில் இருந்தது, கார்டைத் தயாரித்த கம்பெனியின் பெயர் எங்கேயும் இல்லை. அது அப்போது என் கண்ணில் படவே இல்லை.

வீட்டில் இருப்பது பழைய பதினெட்டரை இஞ்ச் மானிட்டர், விஜிஏ கேபிள்தான் போகும் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கார்டைத் திருப்பிக் காட்டினார். எச்டிஎம்ஐ, டிவிஐ, பக்கத்தில் நீல நிறத்தில் பதினைந்து ஓட்டை விஜிஏ போர்ட். "இப்போ வர்ற கார்டுல எல்லாம் இதை எடுத்துட்டாங்க சார். உங்களை மாதிரி கஸ்டமருக்காகவே இது இருக்கிற மாடலாப் பார்த்து எடுத்து வெச்சிருக்கோம். கன்வெர்ட்டர் காசு மிச்சம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கடைமேல் ஒரு நம்பிக்கையே வந்துவிட்டது.

அவருடைய சிஸ்டத்திலேயே மாட்டிக் காட்டினார். விண்டோஸில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் வந்தது, மெமரி 4 ஜிபி என்று காட்டியது. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்று ஒரு எஸ்டிமேட் சீட்டு எழுதித் தந்தார். பணத்தை ஒரு நம்பருக்கு யுபிஐ-யில் அனுப்பச் சொன்னார். வந்தது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். கூடவே டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) இருக்கிற ஒரு பென் டிரைவ். "நெட்ல இருந்து எதையும் அப்டேட் பண்ணிடாதீங்க, வாரண்டி போயிடும்" என்று இரண்டு முறை சொன்னார்.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் மகள் பிளெண்டரைத் திறந்து ரெண்டர் (மாடலை முழுப் படமாக்கும்) அமைப்புக்குள் போனால் கார்டின் பெயரே அங்கே வரவில்லை. கொஞ்சம் பெரிய சீன் திறந்தால் திரை கோடு கோடாகி அப்படியே நின்றுவிடும். நான்காம் நாள் இரவு விண்டோஸ் தானாக அப்டேட் ஆனது. காலையில் நீலத் திரை. அப்புறம் திரும்பத் திரும்ப அதேதான். "நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனாப்பா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

என் அக்கா மகன் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தான். கேபினட்டைத் திறக்கக்கூட இல்லை, பின்பக்கம் குனிந்து பார்த்தவன் அப்படியே நிமிர்ந்தான். "மாமா, 1050 டிஐன்னா சொன்னாங்க? அதுல இந்த நீல போர்ட்டே கிடையாதே." அவன் சொன்னது இதுதான்: 1050 டிஐ இருக்கும் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா சிப்பிலேயே, விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் அவுட்புட் இல்லை. அதனால் எந்தக் கம்பெனி செய்தாலும் 1050 டிஐ-யில் நேரடி விஜிஏ வரவே வழியில்லை. கடைக்காரர் எதைக் காட்டி என் மனதைக் கவர்ந்தாரோ, அதுவே போலி என்பதற்கான அத்தாட்சி.

பழைய டிரைவரை வைத்து ஒருவழியாக விண்டோஸை எழுப்பி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். 2018-இலிருந்து வரும் பதிப்புகள் இந்த மாதிரி பெயர் மாற்றிய கார்டுகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று போட்டுவிடும். எங்களுக்கும் போட்டது. கீழே சிப் ஜிஎஃப்106 (ஜிடிஎஸ் 450-இன் சிப்), 40 நானோமீட்டர் தயாரிப்பு, 192 ஷேடர், அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் சின்ன யூனிட்டுகள். உண்மையான 1050 டிஐ 14 நானோமீட்டர், 768 ஷேடர்.

அப்படியானால் கடையில் எப்படிச் சரியான பெயர் வந்தது? கார்டின் பயாஸில் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) எழுதியிருப்பதையும் டிரைவர் சொல்வதையும்தான் விண்டோஸ் படித்துக் காட்டுகிறது. இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் அது என்ன செய்யும்? உள்ளே இருப்பது 1 ஜிபி, எழுதியிருப்பது 4. அந்த ஒன்றைத் தாண்டி எதையாவது ஏற்றும்போதுதான் திரை கோடாகிறது. நெட்டில் இருந்து அப்டேட் செய்யாதே என்றதும் இதனால்தான். உண்மையான 1050 டிஐ டிரைவர் உள்ளே வந்தால் இந்தப் பழைய சிப்பால் அதோடு ஓட முடியாது.

கடைசியில் அவன் கார்டின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி ஹீட் சிங்கைத் தூக்கினான். பேஸ்ட் காய்ந்து பழைய விபூதி மாதிரி உதிர்ந்தது. துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தான். சிப்பின் மேல் ஜிஎஃப்106, அதற்குக் கீழே 1041. அதாவது 2010-ஆம் ஆண்டு 41-வது வாரம் செய்தது. என் மகள் எல்கேஜி படித்த வருஷம் செய்த சிப்பை, அவள் கல்லூரிக்கு என்று புதுசாக விற்றிருக்கிறார்கள்.

ஆறாம் நாள் கடைக்குப் போனோம். "அந்த சாஃப்ட்வேர் எல்லாம் தப்பாக் காட்டும் சார். போட்டுத்தானே காட்டினோம்?" என்றார். சிப்பின் போட்டோவைக் காட்டியதும், "நீங்களே பிரிச்சுட்டீங்களே, இனி எப்படி எடுத்துக்கிறது?" என்று அடுத்த சாக்குக்குப் போனார். சத்தம் கூடியதும் அதே பெட்டியில் வேறொரு கார்டு மாற்றித் தருவதாகச் சொன்னார். அக்கா மகன் அதைத் திருப்பிப் பார்த்தான். அதிலும் அதே நீல போர்ட். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

1915-க்குக் கூப்பிட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் முதல் கேள்வியே பில் நம்பர். என்னிடம் இருந்த சீட்டில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. யுபிஐ ரசீது, கடை வாசல் போட்டோ, சிப்பின் போட்டோ எல்லாவற்றையும் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். போடத்தான் போகிறேன். ஆனால் அந்த 18 சதவீதத்தைக் கொடுத்து ஒரு பில் வாங்கியிருந்தால் இந்நேரம் கையில் பிடிமானம் இருந்திருக்கும்.

நீங்கள் வாங்கும்போது கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். கடையிலேயே மாட்டிக் காட்டினால் அது போதாது. ஜிபியு-இசட்டை அங்கேயே இறக்கி ஓட்டச் சொல்லுங்கள், சின்ன மென்பொருள்தான், ஒரு நிமிஷ வேலை. மறுத்தால் கிளம்பிவிடுங்கள். டிரைவரை என்விடியா தளத்திலிருந்தே இறக்கிப் போடச் சொல்லுங்கள். ஜிடி 710, 730 போன்ற பழைய கார்டுகளில் விஜிஏ இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 10 வரிசை, 16 வரிசை, ஆர்டிஎக்ஸ் என்று சொல்லி விற்பதில் இருந்தால்தான் சந்தேகம்.

போலி இல்லாமலேயே ஏமாற வைக்கிற பெயர்களும் உண்டு. ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5 மெமரி போட்டது ஒன்று, டிடிஆர்4 மெமரி போட்டது ஒன்று. பெயர் ஒன்றுதான், ஆனால் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி எங்கே, 16.8 எங்கே! ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி கார்டு மெமரியில் மட்டும் குறைந்தது இல்லை, உள்ளே சிப்பும் குறைத்தது. ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைத்தால் 2048எஸ்பி என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அதில் ஷேடர் 2048தான், முழு 580-இல் 2304 இருக்கும். அதோடு 2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாக செகண்ட் ஹேண்டில் வந்தன. எங்கே ஓடியது என்று கேட்டே வாங்குங்கள்.

மகளுக்கு அப்புறம் கடன் வாங்கி ஜிடிஎக்ஸ் 1650 எடுத்தோம், பில்லோடு, கம்பெனி வாரண்டியோடு. பழைய மானிட்டருக்கு எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினோம். அதன் விலை 300 ரூபாய்.

போலி கார்டை நெட்டில் போட்டு விற்றுவிடச் சொன்னார்கள் சிலர். அதை வாங்கப் போகிறவரும் என்னைப் போல ஒரு பிள்ளைக்காகத்தான் வாங்குவார். மேலே மார்க்கரால் 'போலி, ஜிடிஎஸ் 450' என்று எழுதி, வழக்குக்கு வேண்டும் என்று பீரோவில் வைத்திருக்கிறேன். அந்தத் தெருவில் மாடிக் கடை எதிலாவது கம்பெனிப் பெயர் இல்லாத பெட்டியில் 1050 டிஐ வாங்கியவர்கள், இன்று வீட்டுக்குப் போனதும் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீல போர்ட் இருந்தால் ஸ்க்ரூவைக் கழற்றாமல் ஜிபியு-இசட் திரையைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிரித்த பிறகு போனால் எனக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள்.