பைத்தானின் ஸ்ட்ரிப்டைம்: இரண்டிலக்க ஆண்டுக்கு ஏற்றதா?

தேதியைப் படிக்கும் ஃபங்ஷன்களில் பைத்தான் நிரல்மொழியின் ஸ்ட்ரிப்டைம் (strptime) எனக்குப் பிடித்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் கொடுத்தால் எந்த நூற்றாண்டு என்று முடிவுசெய்யும் அதன் விதி என்றும் மாறுவதில்லை. 00 முதல் 68 வரை 2000-களில் விழும், 69 முதல் 99 வரை 1900-களில். எந்த ஆண்டில் ஓட்டினாலும் அதே விடை. ஜாவா மொழியில் இதே வேலைக்கான பழைய சிம்பிள்டேட்ஃபார்மட் (SimpleDateFormat) அப்படியல்ல: ஆப்ஜெக்ட் உருவான நாளிலிருந்து 80 ஆண்டு பின்னும் 20 ஆண்டு முன்னுமாக அதன் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று தேறிய டெஸ்ட் சில ஆண்டுகளில் தோற்கலாம்.

கண்டிப்பும் நன்று. நான்கிலக்கம் கேட்கும் ஃபார்மட்டில் '65' கொடுத்தால் வேல்யூஎரர் (ValueError) என்ற பிழை வரும். சிம்பிள்டேட்ஃபார்மட் அதை கி.பி. 65 என்றே வாங்கிக்கொள்ளும்.

பெரிய குறை, 68 என்ற எல்லையை மாற்ற வழியே இல்லாதது. பிறந்த தேதி '12-05-65' என்றால் 2065 கிடைக்கும். விடை இன்றைய தேதியைத் தாண்டினால் ஆண்டில் 100-ஐக் கழியுங்கள். ஆனால் ஆண்டு '25' என்றிருந்தால், 1925-இல் பிறந்தவர் 2025-இல் பிறந்த குழந்தையாகிவிடுவார். அந்தச் சோதனையில் இது சிக்காது. எர்ரரும் வராது, அதுதான் ஆபத்து. பிறந்த தேதிக்கு மட்டும் நான்கிலக்க ஆண்டையே வாங்குங்கள்.