பொன்னியின் செல்வனா, சிவகாமியின் சபதமா: முதலில் எதை எடுப்பது?

கல்கியை இதுவரை தொடாதவருக்கு என் சிபாரிசு பொன்னியின் செல்வன்தான். ஐந்து பாகமா என்று மலைக்க வேண்டாம், மற்றதும் நாலு பாகம். இரண்டுமே பத்திரிகையில் தொடராக வந்தவை என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. நாட்டுடைமை ஆனவை, மலிவுப் பதிப்புக்கும் பஞ்சமில்லை.

வித்தியாசம் ரகசியத்தை எங்கே ஒளித்துவைக்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

பொன்னியின் செல்வனின் தொடக்கத்தில் கதாநாயகன் வந்தியத்தேவனுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையோரம் சோழ நாட்டுத் தனாதிகாரி பழுவேட்டரையரின் மூடுபல்லக்கு போகிறது. உள்ளே இருப்பது பெண் என்று அவனோடு நாமும் நம்பிவிடுகிறோம். அன்றிரவு கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடுவதை அவன் மறைந்திருந்து பார்க்கும்போது, பல்லக்கிலிருந்து இறங்குவது சோழ இளவரசர் மதுராந்தகர்! கதை தொடங்கிப் பத்து அத்தியாயம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் எந்தப் பல்லக்கு வந்தாலும் திரையை விலக்கிப் பார்க்காமல் மனசு ஆறாது.

அவனை ஓலை கொண்டுபோகிறவனாக வைத்தது இன்னொரு கெட்டிக்காரத்தனம். முதலில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனும், பிறகு அவன் தங்கை குந்தவையும் தந்த ஓலைகள் கையில் இருப்பதால் தஞ்சை, பழையாறை, இலங்கை என்று எங்கே நுழையவும் அவனுக்குக் காரணம் இருக்கிறது. கதையை நகர்த்தத் தனியாக ஒரு சாக்கு தேட வேண்டியதில்லை.

சிவகாமியின் சபதத்தில் நிலைமை வேறு. பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் சாளுக்கியத் தலைநகர் வாதாபியை வென்றது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஆகவே 'என்ன நடக்கும்' என்பதைவிட 'என்ன விலை கொடுத்து' என்பதே கேள்வி. மதயானை மீது பரஞ்சோதி என்ற இளைஞன் வேலெறியும் தொடக்கம் அபாரம். ஆனால் சிற்பியின் மகளும் நடனமாடுபவளுமான சிவகாமி செய்யும், தலைப்பிலுள்ள சபதத்துக்கு மூன்றாம் பாகம் வரை பொறுக்க வேண்டும். நடனத்திலும் சிற்பத்திலும் ருசி உள்ளவருக்கு இந்தக் காத்திருப்பு சுமையாகத் தெரியாமல் இருக்கலாம். மற்றவர்கள் காஞ்சி முற்றுகைப் பகுதியில் தொய்வதுண்டு.

பொன்னியின் செல்வனில் படிப்பவர்கள் பாதியில் விட்டுவிடுவது உறவுமுறையில் குழம்பித்தான். ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நூலுக்குள் செருகிக்கொள்ளுங்கள்: பராந்தகரின் பிள்ளைகள் கண்டராதித்தர், அரிஞ்சயர். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மதுராந்தகர். அரிஞ்சயர் மகன் சுந்தர சோழர். அவர் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. அரியணைச் சண்டை முழுக்க இந்த நாலு வரிக்குள் அடக்கம். சுருக்கப் பதிப்பை மட்டும் வாங்காதீர்கள், முதலில் வெட்டுப்படுவது அந்தப் பல்லக்கு மாதிரியான இடங்கள்தான்.

கதை முடியும் விதத்தை மட்டும் பார்த்தால் சிவகாமிக்கே என் ஓட்டு. பொன்னியின் செல்வனில் தொங்கலாக நின்ற கேள்விகளுக்குக் கல்கி தனியாக முடிவுரை எழுத வேண்டியிருந்தது.